ஐந்தாம் தேதி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்பார்கள்.
எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது அமீனா.
சரியாகச் சொன்னால் அமீனா இல்லை,
கூட்டுறவு வங்கியிலிருந்து தணிகைவேல் சார்.
படகுக் கடன், ஏழு தவணை பாக்கி.
மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி வருவார்,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கடனைக் கேட்பார்.
அவர் கடலுக்குப் போயிருக்காங்க என்பேன்.
உள்ளறையில் இன்னாசி
இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்.

அரூருக்கு மாற்றல் வந்தபோது
பீரோவுக்கும் மெத்தைக்கும்
லாரியில் இடம் இருந்தது, இதற்கு இல்லை.
பெயிண்ட் வாளியோடு வந்து நின்றார்.
கன்னத்தில் செங்கோடு இழுத்த சீமை ஆமை.
மதுரையில் வாங்கும்போது எட்டணா அகலமாம்,
இப்போது சோற்றுத் தட்டு.
"இந்த ஊர்ல எனக்குப் பழக்கமான வீடு
இது ஒண்ணுதான்மா."

பாக்கி வைத்தவர்களுக்கு மறுக்க வாய் ஏது?
இன்னாசிதான் வழி கண்டுபிடித்தார்:
"வீட்டுக்குள்ளதான புகக்கூடாது.
கொல்லை எப்படி வீடாகும்?"

சலான் முதுகில் சார் எழுதிக் கொடுத்தது:
சுவர் மண்ணுக்குள் ஒன்றரை அடி இறங்கணும், தோண்டும்.
மேல்விளிம்பு உள்பக்கம் மடியணும், ஏறும்.
பாதி வெயில், பாதி நிழல்.
உப்புத் தண்ணி ஆகாது.
கடைசி வரியில் இன்னாசி சிரித்த சிரிப்பு
இருமலில் போய் முடிந்தது.
தெற்குவாடியில் முழங்கை ஆழம் தோண்டினால்
கடல்தான் ஊறும்.
நல்ல தண்ணீர் லாரியில் வரும், குடம் பன்னிரண்டு ரூபாய்.

பாரில் மோதிப் பிளந்த படகின் அணியத்தை
அறுத்துக் கொண்டுவந்து மண்ணில் புதைத்தோம்.
குளமாயிற்று.
கடன் இன்னும் அதன் பேரில்தான்.
காக்கைக்கும் பருந்துக்கும் மேலே கிழிந்த வலை.
கச்சான் அடிக்கிற நாட்களில் தண்ணீர் முழுக்க மணல்,
வாரம் இரண்டு தடவை மாற்றணும், நாலு குடம்.
கழிவுத் தண்ணீர் முருங்கைக்குப் போகும்.
ஒல்லிக் குச்சியாய் நின்ற மரம்
இந்தத் தையில் தெருவுக்கே காய் கொடுத்தது.

பக்கத்து வீட்டுச் சூசை
மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
எத்தனை கிலோ தேறும்?
ஒரு காலத்தில் கடலாமை அறுத்த கை.
பிறகு தினமும் காரல் தலை கொண்டுவந்து,
உப்பைக் கழுவிவிட்டுப் போட ஆரம்பித்தார்.
மேனேஜர் என்று பேர் வைத்ததும் அவர்தான்.

ஐந்தாம் தேதி ஆனால் போன் வரும்.
தவணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை,
அது இப்போது வேறு யாருடைய வேலையோ.
வெயில் காயுதா? ஓடு மெத்துன்னு இல்லயே?
சாப்பிடுதா?
அரூரில் மழையே இல்லை என்பார், பிறகு வைக்கமாட்டார்.

பங்குனி மூன்றாம் வாரம், ஒரு விடியலில், அதைக் காணவில்லை.
சுவர் அப்படியே இருந்தது. வலை அப்படியே இருந்தது.
மூலையில் கிளறின மண்.
சூசை கரைவரை நடந்து பார்த்தார்,
இன்னாசி டார்ச்சோடு கருவேலங்காட்டில்.
மறுநாள் ஐந்தாம் தேதி.
நல்லா இருக்கு சார், என்றேன்.
இப்பத்தான் சாப்பிட்டுது.
பழைய வாசல், பழைய பொய்.
உள்ளறையில்தான் யாரும் இல்லை.

ஏழாம் தேதி மத்தியானம்
மூலைமண் லேசாக அசைந்தது.
முதலில் மூக்கு, பிறகு செங்கோடு,
பிறகு முழு மேனேஜரும், மணல் உதறிக்கொண்டு.
ஒரு அடிகூடப் போகவில்லை.
போகாதவளைத்தான் மூன்று நாள் ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்.

அவள் என்று சொல்கிறேன்.
சுவரோரம் இன்னொரு பள்ளத்தைச்
சூசை விரலால் விலக்கினார்,
வெள்ளையாய், நீளவாக்கில், நாலு முட்டை.
ஆண் இல்லாமல் இட்டது, பொரிக்காது என்றார்.
அவர் கையால் அதைத் திரும்ப மூடுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொரிக்காதுதான். இருந்தாலும்
அந்த மூலையில் யாரும் கால் வைப்பதில்லை.
அடுத்த ஐந்தாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்.
மேனேஜர் முட்டையிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று
இன்னாசியும் நானும் இரவில் பேசிப் பார்க்கிறோம்,
பேச ஆரம்பித்தாலே இருமல்
அவருக்கு, சிரிப்பு எனக்கு.